பழமும் பாகமும்: தொலைக்காட்சித் தொடர்நாடகத்தில் தாயவழக்கு

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் பெருமை பேசும் நாம், இன்று மிகப் பலர் நாள்தோறும் காணும் நாடகத்தை ஆராய்ச்சிக்கு உரியதாகக் கொள்வதில்லை. தொலைக்காட்சித் தொடர் என்ற அளவிலேயே முகஞ்சுளிப்பார் பலர். யாமும் நெடுங்காலம் அவருள் ஒருவராகவே இருந்தோம். எம் கருத்தை மாற்றியது நூலன்று. யாம் வாழும் ஓரிக்கைத் தெருவே ஆகும்.

ஓரிக்கை காஞ்சிமாநகரின் தென்புறத்தே பாலாற்றை நோக்கிச் செல்லும் வழியில் உள்ளது. பட்டுத்தறியின் ஓசையே இத்தெருக்களின் பகற்பொழுது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில், இரவு தறி ஓய்ந்தபின் வீடுதோறும் ஒரே குரல் கேட்கும். அஃது 'எதிர்நீச்சல்' என்னும் தொடரில் வரும் ஆதி குணசேகரனின் குரல். ஒரு வீட்டு வாயிலில் விட்ட சொல்லை அடுத்த வாயிலில் தொடர்ந்து கேட்டுக்கொண்டே தெருவின் இறுதிவரை நடந்து செல்லலாம். பாரதம் படிக்கும் திண்ணைகளை எம் முன்னோர் இவ்வாறுதான் கடந்திருப்பர் போலும். மறுநாட் காலையில் குழாயடியிலும் கோயில் வாயிலிலும் பேச்சு ஒன்றே: அப்பத்தா கையொப்பம் இட்டாளா, இல்லையா?

ஒரு முதியவள் தன் பங்கைப் பிறர்க்கு எழுதிக் கொடுப்பாளா என்பதே ஈராண்டுக்கு மேல் ஒரு நாட்டுமக்களைக் கட்டிவைக்குமாயின், அவ்வினாவில் நம் மரபின் வேர் ஏதோ ஒன்று தட்டுப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வேரைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொத்துரிமை பற்றிய நம் சொற்களை முதற்கண் நோக்குவோம். தந்தைவழி உறவினனைப் 'பங்காளி' என்கின்றோம். உறவின் பெயரே பங்கின் பெயராக அமைந்துள்ளது. 'தாயாதி' என்பதும் தாயத்தை, அஃதாவது வழிவழி வரும் உரிமைப் பொருளை, அடியாகக் கொண்டது. தாயக்கட்டையில் ஒன்று விழுவதையும் தாயம் என்றே கூறுகின்றோம். இரண்டும் ஒரு வேரினவா என்னும் ஆய்வு ஈண்டு வேண்டா. ஆயினும், உரிமைப் பொருளைக் கவற்றில் வைத்து இழந்த கதையையே பெருங்காப்பியமாகக் கேட்டு வளர்ந்த மக்கள், இருபொருளுக்கும் ஒரு சொல்லை வழங்குதல் எண்ணத்தக்கது. பங்காளி என்று அழைக்கும்போதே அவனோடு ஒருநாள் வழக்கு உண்டு என்பதும் குறிப்பாற் புலப்படுகின்றது.

இனி, இவ்வழக்கு மூண்டபோது நம் இலக்கியம் எவரைப் போற்றியது? இதற்கு விடை ஏறத்தாழ ஒன்றே: விட்டுச் சென்றவரைப் போற்றியது. அரசு இளையோனுக்கு ஆகும் என நிமித்திகன் கூறக் கேட்டு, அண்ணன் செங்குட்டுவனின் உரிமைக்கு ஊறு நேராவண்ணம் துறவு பூண்டவர் இளங்கோவடிகள் என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேற் படையெடுத்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் அவனைத் தடுத்து உரைத்த புறப்பாட்டு நாம் அறிந்ததே. நீ மறைந்தபின் நின் நாடு அவர்க்கே உரியது. அவர் தோற்று மடியின் நின் பெருஞ்செல்வத்தை எவர்க்கு விட்டுச் செல்வாய் என்பது புலவர் எழுப்பிய வினாவின் கருத்து. பகைவனும் வாரிசும் ஒருவனே என்னும் தாயவழக்கின் முரணை இதனினும் சுருங்கக் கூறினார் இலர். அச்சோழன் பின்னர் வடக்கிருந்து உயிர் நீத்தான். அவனும் விட்டுச் சென்றவனே.

நாட்டார் வழக்கிலும் இதுவே நெறி. நாரதர் கொணர்ந்த மாங்கனியின் கதையை அறியாத தமிழ்ச்சிறுவர் இலர். 1965 இல் வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படம் அதனை மேலும் பரப்பிற்று. கனியைக் கூறுபடுத்தலாகாது என்பது அக்கதையின் நிபந்தனை. பாகம் செய்ய இயலாத சொத்து அது. ஒருவனுக்கு முழுமையும் கிடைக்க, மற்றவன் வீட்டை விட்டு மலையேறுகின்றான். தாய்தந்தையர் செய்தது நேரிய பங்கீடுதானா என்று எவரும் வழக்குரைப்பதில்லை. மலையேறியவனைத் தேடிச் சென்று வணங்குகின்றோம். ஓரிக்கையின் பெயர்க்காரணமும் இவ்வகையினதே. பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்த, அவனோடு திருமழிசையாழ்வார் செல்ல, ஆழ்வாரோடு திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறி ஓரிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அதுவே ஓரிக்கை என மருவிற்று என்பர். வீட்டுக்குரியவரே வீட்டை நீங்கியமையால் ஊர் இருண்டதாம். மன்னன் பின்சென்று இரந்தான் என்பது எஞ்சிய கதை.

இவ்வாறு நீங்கிச் சென்றோர் அனைவரும் ஆடவர் என்பதை நோக்குதல் வேண்டும். மலையேறுதற்கும் துறவு பூணுதற்கும் வடக்கிருத்தற்கும் அவர்க்கு வழி இருந்தது. நீங்கிச் செல்ல இடமில்லாதவள் என் செய்வாள்? அவள் இருந்த இடத்திலேயே இருந்து கேட்கின்றாள். அவ்வாறு கேட்டவளுள் தலையாயவள் பாஞ்சாலி. தன்னைத் தோற்றபின் என்னைப் பணயம் வைக்க அவர்க்கு உரிமை ஏது என்பது அவள் அவையில் எழுப்பிய வினா. இதனைக் கற்பின் சீற்றமாக மட்டும் கண்டு உரை செய்தார் பலர். உண்மையில் இது வழக்குமன்ற வினா: தன் பொருள்மேல் உரிமை இழந்தவன் பிற பொருளைக் கைமாற்ற இயலுமா? வடதமிழ் நாட்டுத் தெருக்கூத்தில் 'பகடைத் துகில்' ஆடும் இரவில் இவ்வினாவிற்காகவே மக்கள் கண் விழித்திருப்பர். விடுமும் துரோணனும் வாய்மூடி நிற்கும் அவ்விடத்தே கூத்தன் அவசரப்படுவதில்லை. அவையின் மௌனத்தை நெடுநேரம் நிறுத்துவான்.

'எதிர்நீச்சல்' இம்மரபிற்கே உரியது என்பது எம் கருத்து. விட்டுச் செல்வோரை அன்றி, இருந்து கேட்போரையே அது தலைமக்களாகக் கொண்டது.

கதையை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். வே. திருச்செல்வம் இயக்கிய இத்தொடர் சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை ஒளிபரப்பாயிற்று. மதுரையில் ஒரு செல்வக்குடும்பம், உடன்பிறந்தார் நால்வர், மூத்தவன் குணசேகரன் சொல்லே அங்குச் சட்டம். ஈசுவரி, ரேணுகா, நந்தினி, சனனி என்னும் மருமகளிர் நால்வரும் கல்வியும் திறமையும் உடையராயினும் அடுக்களை எல்லையைக் கடக்க இயலாதவர். அக்குடும்பத்துச் சொத்தில் 40 விழுக்காடு பட்டம்மாள் என்னும் அப்பத்தாவின் பெயரில் உள்ளது. ஊரையே அதட்டும் குணசேகரன் இவ்வொரு முதியவள் முன் மட்டும் குரல் தாழ்த்த வேண்டியவன் ஆகின்றான். 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' தொடரும் இவ்வியக்குநருடையதே. அதிலும் தந்தையின் இருவேறு குடும்பங்களின் மக்களிடையே எழும் உரிமைப் பூசலே அடிநிலையாக இருந்தது. (அத்தொடரில் இயக்குநரே ஏற்று நடித்த பாத்திரத்தின் பெயர் தொல்காப்பியன். தமிழ்த்துறையார்க்கு இஃது ஒரு சிறு மகிழ்ச்சி.)

40 விழுக்காடு என்னும் இவ்வெண் கதையில் வந்து அமர்ந்தது எவ்வாறு? சூழ்ச்சிக்கு ஏதேனும் ஒரு முடிச்சு வேண்டும் என்பதற்காக ஆசிரியர் வைத்ததே இது எனத் தள்ளிவிடலாகாது. இம்முடிச்சுக்கு ஆண்டு உண்டு. 1937 இல் இயற்றப்பட்ட இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கை அளித்தது. ஆயினும் அது வாழ்நாள் அளவினதாகிய குறையுரிமை. தக்க இன்றியமையாமை இன்றி அவள் அதனை விற்றல் இயலாது. விரும்பியவர்க்குக் கொடுத்தலும் இயலாது. அவள் கண் மூடியபின் அது கணவன்வழியினரையே சென்று சேரும். அத்தகையவளிடம் குணசேகரன் எதற்காகக் குரல் தாழ்த்துவான்? காத்திருந்தாலே போதும். 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு இந்நிலையை மாற்றிற்று. பெண் கைக்கொண்டுள்ள சொத்து, அச்சட்டத்திற்கு முன் வந்ததாயினும் பின் வந்ததாயினும், அவளுக்கு முழுவுரிமையாயிற்று. குறையுரிமையாகவே எழுதிக் கொடுக்கப்பட்டனவற்றிற்கு மட்டும் விலக்கு உண்டு. முழுவுரிமை பெற்றவள் அதனைப் பேரனுக்கும் கொடுக்கலாம், பேரன் மனைவிக்கும் கொடுக்கலாம், முன்பின் அறியாதவர்க்கும் கொடுக்கலாம்.

ஆகவே, ஆடவர் பலர் ஒரு முதியவளின் பெருவிரலைச் சுற்றி வட்டமிடும் இந்நாடகம் 1956 க்குமுன் எழுதப்பட்டிருத்தல் அரிது. அதற்கு முற்பட்ட நம் நாடகங்களில் பெண் சொத்திற்காகத் துன்புறுத்தப்படுவாள், ஏமாற்றப்படுவாள், துரத்தப்படுவாள். அவளுடைய இசைவுக்காக ஆடவன் காத்து நிற்கும் காட்சி காண்டல் அரிது. இசைவு என்னும் ஒன்றுக்கு விலை ஏற்பட்டபின்னரே மறுப்பு நாடகமாகின்றது. அப்பத்தாவாக நடித்த பாம்பே ஞானம் இதனை நன்கு உணர்ந்து நடித்தார். மேடையில் மகளிர் மட்டுமே நடிக்கும் நாடகக்குழுவை நடத்தியவர் அவர். உரத்துப் பேசுவாரை நோக்கி ஒருமுறை தலையை உயர்த்திவிட்டு மீண்டும் தாழ்த்திக்கொள்வார்; இடையில் ஒரு சொல்லும் இராது. அம்மௌனத்தின் பொருள், கையொப்பம் இன்னும் என்னிடமே உள்ளது என்பதாகும்.

எம் தெருவில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறித்தல் தகும். ஆய்வுக்கட்டுரையில் இதற்கு இடம் உண்டோ என ஐயுறுவார் பொறுத்தருள்க. நாற்பதாண்டு காலம் தறிக்குத் தார் சுற்றிய முதியவள் ஒருத்தி, தொடர் முடிந்ததொரு நாள் இரவு எம்மை வாயிலில் நிறுத்தி வினவினாள்: "ஏன் தம்பி, ஏமாத்தி வாங்கின கைநாட்டு செல்லுமா?" அசையாச் சொத்தாயின் எழுதிக் கொடுப்பவர் சார்பதிவாளர் முன் வந்து, தாமே எழுதிக் கொடுத்ததாக ஒப்புதல் வேண்டும் என்றும், வஞ்சித்துப் பெற்ற இசைவை வழக்கிட்டு நீக்கலாம் என்றும் யாம் அறிந்தவாறு கூறினோம். உயில் எனின் உயிருள்ளவரை மாற்றலாம், தானப்பத்திரம் எனின் நினைத்தவாறு மீட்க இயலாது என்றும் சேர்த்துக் கூறினோம். அவள் இரண்டாவது செய்தியைத் திரும்பவும் கூறச் செய்து கேட்டாள். பின் ஒன்றும் பேசாது உள்ளே சென்றாள். அவ்வினா அப்பத்தாவைப் பற்றியதன்று என்பது வீடு சேர்ந்தபின்னரே எமக்கு விளங்கிற்று. அதன்பின் யாம் இத்தொடரை இகழ்ந்ததில்லை.

ஆயினும் குறையும் கூறல் வேண்டும். அப்பத்தாவின் உரிமையை இத்துணை நுண்மையாகக் கையாண்ட தொடர், அவ்வீட்டில் பிறந்த பெண்ணின் உரிமையை அவ்வாறு கையாளவில்லை. குணசேகரனின் தங்கை ஆதிரையின் கதை முழுதும் திருமணத்தைச் சுற்றியே அமைகின்றது. அவள் விரும்பியவனை மணப்பாளா, அண்ணன் காட்டியவனுக்குக் கழுத்தை நீட்டுவாளா என்பதே பல திங்கள் நீண்டது. இறுதியில் வலிந்து தாலி கட்டப்பட்ட காட்சி நாட்டையே கொதிக்கச் செய்தது. அவள் திருமணம் அண்ணனுக்குப் பேரப்பொருளாகின்றது என்பதையும் தொடர் மறைக்கவில்லை. ஆனால், இவ்வீட்டில் உனக்குள்ள பங்கு எனக்கும் உண்டு என்று அவள் அண்ணனை நோக்கிக் கூறுவதாக ஒரு காட்சி அமைந்திருப்பின், கதை வேறொரு தளத்திற்கு உயர்ந்திருக்கும்.

இது கற்பனைக் கோரிக்கையன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சமவுரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. காஞ்சிபுரம் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்த ஊரே. சரியாக அறுபதாண்டு கழித்து, 1989 மார்ச் 25 முதல் செயற்படுமாறு தமிழ்நாடு அரசு வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மகனைப் போலவே மகளும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்குரிமை உடையவள் என்றாக்கியது. அதற்குமுன் மணமான பெண்களுக்கு அவ்வுரிமை இல்லை என ஒரு வரம்பும் இட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த நடுவணரசின் திருத்தம் திருமண வரம்பை நீக்கிற்று. 2020 ஆகஸ்ட் 11 இல் உச்சநீதிமன்றம், அந்நாளில் தந்தை உயிரோடிருந்தமை வேண்டும் என்பதில்லை, பிறப்பே போதும் என முடிவு கூறிற்று. தொடர் தொடங்கியது இத்தீர்ப்பு வந்து ஈராண்டும் நிறையாத காலத்தில். திருமணத்தால் மாறாத பங்கு என்பது சட்டமாகிவிட்ட காலத்தில், மகளின் கதை திருமணத்தோடு முடிந்துவிடுகின்றது. பாட்டிக்கு 1956 ஐ அளித்த ஆசிரியர், பேத்திக்கு 1989 ஐ அளிக்க மறந்தார்.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. அது நாடகத்தின் உடலைப் பற்றியது. அதனை விளக்க, வேற்றுநாட்டுப் பழத்தோட்டங்கள் இரண்டைக் காண்பது பயன்படும்.

அமெரிக்க நாட்டில் சி.பி.எஸ். நிறுவனம் 1981 டிசம்பர் முதல் 1990 மே வரை ஒளிபரப்பிய 'ஃபால்கன் கிரெஸ்ட்' என்னும் தொடர், கலிபோர்னியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தின் உரிமைப் பூசலைக் கூறுவது. தோட்டத்தை ஆளும் ஏஞ்சலா சானிங் என்னும் முதியவளாக ஜேன் வைமன் நடித்தார். அவள் உடன்பிறந்தான் இறக்க, அவன் மகன் சேஸ் 50 ஏக்கருக்கு உரியவனாய் வந்து சேர்கின்றான். முழுத்தோட்டமும் தன் பேரனுக்கே ஆதல் வேண்டும் என்பது அவள் வேட்கை. அண்டைத் தோட்டத்துக்கு உரியவளாகிய மெலிசாவைப் பேரனுக்கு மணமுடித்து இருதோட்டத்தையும் ஒன்றாக்க முயல்கின்றாள். முதியவள், பேரன், பங்கு, திருமணம் என உறுப்புக்கள் நம் தொடரை ஒத்தனவே. முதியவள் ஈண்டு வில்லியாகவும் நம்மிடத்தே காப்பவளாகவும் அமைந்தமை ஒரு வேறுபாடு. அதனினும் பெரியது, அத்தொடரில் நிலம் கண்ணுக்குத் தெரிகின்றது என்பது. கொடிவரிசைகள் தொடக்கத்திலேயே திரையை நிறைக்கின்றன. காட்சிகள் நாபா பள்ளத்தாக்கின் மெய்யான திராட்சைத் தோட்டமொன்றில் எடுக்கப்பட்டவை. 50 ஏக்கர் என்றால் அங்கு 50 ஏக்கர், நடந்து காணலாம். அத்தொடரைப் பேரிலக்கியம் என யாம் கூறவில்லை. வஞ்சகமும் விபத்தும் மலிந்த கதையே அது. ஆயினும் பார்ப்பவன் எதற்காக இவர்கள் பொருகின்றனர் என்பதைக் கண்ணால் அறிகின்றான்.

செக்காவின் 'செர்ரித் தோட்டம்' பேரிலக்கியமே. 1904 இல் மாஸ்கோவில் மேடையேறிய அந்நாடகத்தைப் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் 1962 இலும் 1981 இலும் தொலைக்காட்சிக்கு ஆக்கிற்று. ஆங்கு உடன்பிறந்தார் பூசல் இல்லை. கடனால் தோட்டம் ஏலத்திற்கு வருகின்றது. தன் தந்தையும் பாட்டனும் அடிமைகளாய் உழன்ற அத்தோட்டத்தை லொப்பாகின் விலைக்கு வாங்கிவிடுகின்றான். அந்நாடகத்தில் எம் நெஞ்சைத் தொட்ட இடம் ஏலம் அன்று. பிர்ஸ் என்னும் முதிய பணியாள், முற்காலத்தில் இப்பழங்களை உலர்த்தி வண்டி வண்டியாய் மாஸ்கோவிற்கும் கார்க்கோவிற்கும் அனுப்பியதை நினைவு கூர்கின்றான். அச்செய்முறை எங்கே என வினவ, மறந்துவிட்டனர், எவருக்கும் நினைவில்லை என்கின்றான். தோட்டம் கைமாறுமுன்னரே தாயம் அழிந்துவிட்டது. பத்திரத்தில் எழுத இயலாத பகுதி ஒன்று எல்லாச் சொத்திலும் உண்டு. அது கையிலும் நாவிலும் இருப்பது. இதனைக் காட்டிய பின்னரே செக்காவ் நிலத்தை ஏலத்திற்கு விடுகின்றார்.

பழமரத்திற்கும் தாயவழக்கிற்கும் உள்ள இயைபு நம்மவர் அறியாததன்று. தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்னும் பழமொழி காலத்தை மரத்தால் அளக்கின்றது. நடுபவன் ஒருவன், உண்பவன் வேறொருவன். இடையில் நீர் ஊற்றியவர் எவர் என்பதே வழக்கு. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் மாவடியே தலம். அம்மரத்தின் நான்கு கிளையும் நான்கு சுவைக்கனி தரும் என்பது வழிவழிச் செய்தி. ஒரே அடிமரத்தில் நான்கு சுவை என்பதைக் கூட்டுக்குடும்பத்திற்கு உவமையாக்க எவருக்கும் மனம் செல்லும். யாம் அவ்வழி செல்லவில்லை.

'எதிர்நீச்ச'லில் இவ்வாறான மரம் ஒன்றுகூட இல்லை. 40 விழுக்காடு எதில் 40 என்பது பார்ப்பவன் கண்ணுக்கு வருவதில்லை. கூடமும் அடுக்களையும் மாடிப்படியுமே கதையுலகம். சொத்து என்பது எண்ணாகவும் தாளாகவும் மட்டும் உலவுகின்றது. அதனைத் தேடியவர் எவர், அதில் உழைப்பவர் எவர் என்பன மங்கிவிடுகின்றன. இதற்கு ஒரு மறுப்பு உண்டு: மருமகளிரின் உலகமே நான்கு சுவர்தானே, தொடர் அதனைத்தானே காட்ட வேண்டும் என்பர். மறுப்பில் உண்மை உண்டு. அடுக்களையின் வெப்பத்தை இத்தொடர் போலக் காட்டியது பிறிதில்லை; நந்தினியின் சமையற்றிறன் அவளுக்குப் பிழைப்பாகவும் பெருமையாகவும் மாறும் பகுதி நன்கு அமைந்தது. ஆயின் அவ்வுழைப்பிற்கும் அந்த 40 விழுக்காட்டிற்கும் உள்ள தொடர்பை ஆசிரியர் எவ்விடத்தும் முடிச்சிடவில்லை. அடுக்களையில் நாளும் உழைப்பவர்க்கு அச்சொத்தில் என்ன என்னும் வினா எழ வேண்டிய இடத்தில், எவர் எவரிடமிருந்து தாளைப் பறித்தார் என்னும் வினாவே எழுகின்றது. நிலம் மறைந்தால் வழக்கு சூழ்ச்சியாகச் சுருங்கும் என்பதற்கு இதுவே சான்று.

எம் ஊர்த் தறியையே எண்ணிப் பார்க்கின்றோம். காஞ்சிப் பட்டின் கோர்வை நெசவுக்கு ஒருவர் கை போதாது; உடலும் கரையும் வேறு வேறு நாடாவால் நெய்யப்பட்டு இழைக்கு இழை இணைய வேண்டும்; துணைக்கை ஒன்று அருகிருத்தல் வேண்டும். அத்துணைக்கை பெரும்பாலும் வீட்டவருடையது. தார் சுற்றுவோரும் வீட்டுப் பெண்டிரே. தந்தைக்குப்பின் மக்கள் பிரியும்போது வீட்டை அளந்து கோடிடலாம். தறியை அறுத்துப் பங்கிடல் இயலுமா? தார் சுற்றிய ஆண்டுகளை எந்தத் தாளில் எழுதுவர்? இவ்வினாக்களோடு இரவில் திரைமுன் அமர்பவர்க்கு, 40 விழுக்காடு என்னும் எண் தம் வீட்டு எண்ணாகவே கேட்டது. தொடரில் இல்லாத நிலத்தைப் பார்ப்போரே தம் வீட்டிலிருந்து கொண்டுவந்து அதில் இட்டனர். அதன் வெற்றியிற் பாதி அவர்க்கு உரியது என்பது எம் துணிபு.

மற்றப் பாதி நடிகர்களுடையது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 இல், இத்தொடருக்கே குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் நெஞ்சு நோயுற்று மறைந்தார். அப்பாத்திரத்தை எழுத்தாளர் வேல. இராமமூர்த்தி பின்னர் ஏற்றார். இருவரையும் ஒப்பிடுதல் முறையன்று. எனினும் ஒன்று கூறலாம். மாரிமுத்துவின் குணசேகரன் கொடியவனாயினும் நகைக்கத் தக்கவன். அவன் அதட்டலுக்குள் பங்கு போய்விடுமோ என்னும் அச்சம் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். அவ்வச்சமே பார்ப்பவர்க்கு உவப்பளித்தது. அது மறைந்தபின் கொடுமை மட்டும் எஞ்சிற்று, தொடரும் வலுக்குறைந்தது. 2024 டிசம்பரில் இரண்டாம் பகுதி தொடங்கியபோதும் பழைய ஈர்ப்பை யாம் அதிற் காணவில்லை.

நிலத்தைக் கண்முன் நிறுத்தும் நாடகத்திற்காகக் கலிபோர்னியாவிற்கும் மாஸ்கோவிற்கும் செல்ல வேண்டியதில்லை. காஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவின்போது பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடக்கும். காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கமும், செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் தம்பிரான் வழியினரும் இக்கலையை நம் காலத்திற்குக் கொண்டு வந்தனர். விழாவின் இறுதியில் படுகளம். கோயிலுக்கு எதிரே திறந்த வெளியில், பல முழ நீளத்தில், மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணாலேயே செய்து வைப்பர். ஊசிமுனை நிலமும் பங்காளிக்குத் தாரேன் என்றவனது உடல், அந்நிலத்து மண்ணாகவே கிடக்கின்றது. வேடம் புனைந்த வீமன் அதன் தொடையைப் பிளக்கின்றான். பாஞ்சாலி கூந்தல் முடிக்கின்றாள். முடிந்ததும் ஊரார் முண்டியடித்துக்கொண்டு அவ்வுருவிலிருந்து ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்துத் துணியில் முடிந்து, நெற்குதிரில் இடுவதற்காக வீட்டுக்குக் கொண்டு செல்வர். அவ்வாறு கொண்டு செல்வோருட் பெரும்பாலோர் பெண்டிரே என்பதை யாம் பலமுறை கண்டுள்ளோம்.